இன்னொரு ஃபியூஸ் போடுவதற்கு முன்

அத்தியாயம் 6: ஃபியூஸ் நிற்காத ஆம்ப்ளிஃபையர்

அரூர்ப் பக்கம் ஆம்ப்ளிஃபையர் சும்மா கிடக்கும் மாதம் குறைவு. மாசியில் தீர்த்தமலைத் தேர் வந்துவிடும். வெயில் ஏறும்போது திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து. ஆடியில் ஊருக்கு ஊர் மாரியம்மன் பண்டிகை. நடுநடுவே கல்யாண வரவேற்பில் பாட்டுக் கச்சேரி. கூத்தென்றால் ஆர்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் விடியும்வரை மைக்கில் ஓட வேண்டும். கச்சேரியென்றால் கீபோர்டுக்கும் பேஸ் கிட்டாருக்கும் தனித்தனி ஆம்ப்ளி வேண்டும். பாதியில் ஃபியூஸ் போனால் கூட்டம் முழுக்க மேடையைத் திரும்பிப் பார்க்கும்.

அந்த அவசரத்தில்தான் ஆம்ப்ளி உண்மையாகவே கெடுகிறது. கையில் ஃபியூஸ் இல்லை என்று ஒயரிலிருந்து ஒரு இழையை உருவி, போன ஃபியூஸின் மேல் சுற்றிவிடுவார்கள். 14/36, 40/36 ஒயர்களில் இருக்கும் ஒரு இழைச் செம்புக் கம்பி உருக சுமார் 7 ஆம்பியர் வேண்டும். 2 ஆம்பியர் ஃபியூஸ் இருந்த இடத்தில் அதைச் சுற்றினால், பாதுகாப்பு வெகுவாகத் தளர்ந்துவிட்டது என்று பொருள். அடுத்தமுறை கம்பிக்கு முன்னால் டிரான்ஸ்ஃபார்மர் கருகும். சிகரெட் பெட்டி வெள்ளிக் காகிதம் அதைவிட மோசம். அது எத்தனை ஆம்பியரில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த அத்தியாயத்தின் விதி ஒன்றுதான்: காரணம் தெரியாமல் மீண்டும் மீண்டும் ஃபியூஸ் போடாதீர்கள். போன ஃபியூஸ் எப்படி இருக்கிறது, எந்த நேரத்தில் போனது என்ற இரண்டைக் கேட்டாலே பழுது எந்தப் பக்கம் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். மிச்சத்தை நூறு வாட் குண்டு பல்பு ஒன்று காட்டிக் கொடுக்கும்.

தொடுவதற்கு முன்

ஃபியூஸ் ஆம்ப்ளியைத் தீயிலிருந்து காக்கும், ஆளைக் காக்காது. மனித உடலில் 30 மில்லி ஆம்பியர் ஓடினாலே உயிருக்கு ஆபத்து. ஃபியூஸ் போக ஆம்பியர் கணக்கில் மின்சாரம் வேண்டும். ஆளைக் காப்பது எர்த் பின்னும், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும்தான். "ஹம்" சத்தம் வருகிறதென்று மூன்றாவது பின்னை முறித்துவிட்ட பிளக்குகளை மேடைக்கு மேடை பார்க்கலாம். உள்ளே ஃபேஸ் கம்பி பெட்டியைத் தொட்டுவிட்டால், எர்த் உள்ள ஆம்ப்ளியில் ஃபியூஸ் போகும். எர்த் இல்லாத ஆம்ப்ளியில் கிட்டார் கம்பியிலும் மைக் உடம்பிலும் 230 வோல்ட் வந்து நிற்கும். ஆகவே எந்தச் சோதனைக்கும் முன்பு எர்த் பின்னைச் சரிசெய்யுங்கள். ஹம் சத்தத்துக்குத் தனி வைத்தியம் உண்டு. அது வேறு அத்தியாயம்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆம்ப்ளிக்குள் மின்சாரம் இருக்கும். பெரிய கெப்பாசிட்டர்கள், கடைப் பேச்சில் கண்டன்சர்கள், சார்ஜைப் பிடித்துவைத்திருக்கும். 2.2 கிலோ ஓம், 10 வாட் வயர்வுண்ட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனையிலும் இன்சுலேட் செய்த ஒயர் வைத்து, கெப்பாசிட்டரின் இரு கால்களிலும் பிடியுங்கள். 10,000 மைக்ரோ ஃபாரட் என்றால் இரண்டு நிமிடம் ஆகும். பிறகு மீட்டர் வைத்து வோல்டேஜ் இறங்கிவிட்டதா என்று பாருங்கள். ஸ்குரூ டிரைவரால் ஷார்ட் செய்வது கெப்பாசிட்டரையும் கெடுக்கும், கண்ணிலும் தெறிக்கும்.

பெட்டியைத் திறந்து வேலை பார்க்கப் பழகாதவர்கள் கீழே "பெட்டிக்கு வெளியே" என்ற பகுதியோடு நிறுத்திக்கொள்ளலாம். பாதிப் பழுதுகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

போன ஃபியூஸைத் தூக்கிப் போடாதீர்கள்

கண்ணாடி ஃபியூஸை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

கண்ணாடி முழுக்கக் கருத்தோ, வெள்ளிப் பூச்சு போல மின்னியோ இருந்தால், மிகப் பெரிய மின்சாரம் ஒரே நொடியில் பாய்ந்திருக்கிறது. எங்கோ முழு ஷார்ட் இருக்கிறது. இப்படிப்பட்ட ஆம்ப்ளியில் இரண்டாவது ஃபியூஸைப் போட்டுப் பார்க்கவே கூடாது.

கண்ணாடி தெளிவாக இருந்து, கம்பி நடுவில் மட்டும் சிறு இடைவெளியோடு அறுந்திருந்தால், கொஞ்சம் கூடுதலான சுமை சில நொடிகளோ நிமிடங்களோ ஓடியிருக்கிறது. ஸ்பீக்கர் சுமை, வெப்பம், தவறான ஃபியூஸ் அளவு ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். அதே அளவு ஃபியூஸ் ஒன்றைப் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் ஒன்றோடு நிறுத்துங்கள்.

கம்பி மூடியோடு சேரும் இடத்தில் விட்டிருந்தால், ஃபியூஸ் வயதாகிப் போனதாகவோ ஹோல்டர் தளர்ந்து சூடானதாகவோ இருக்கலாம். ஹோல்டரின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் நல்ல ஃபியூஸும் நிற்காது. ஹோல்டர் கருத்திருக்கிறதா, பிளாஸ்டிக் இளகியிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து ஃபியூஸின் உலோக மூடியில் உள்ள எழுத்தைப் படியுங்கள். ஆங்கில எழுத்தான "டி" இருந்தால் மெதுவாகப் போவது. "எஃப்" இருந்தால் சட்டென்று போவது. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப்ளியில், சுவிட்ச் போட்ட முதல் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். டோனட் வடிவ டொராய்டு டிரான்ஸ்ஃபார்மரில் இது இன்னும் அதிகம். எவ்வளவு இழுக்கும் என்பது, சுவிட்ச் போட்ட கணத்தில் ஏசி அலை எந்த இடத்தில் இருந்தது என்பதைப் பொறுத்தது. அலை பூஜ்யத்தைக் கடக்கும் கணத்தில் போட்டால்தான் இழுப்பு உச்சம். அதனால்தான் மெதுவான ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சட்டென்று போகும் ஃபியூஸைப் போட்டவர்களுக்கு நான்கு நாள் நன்றாக ஓடி, ஐந்தாம் நாள் காரணமில்லாமல் போகும். ஆம்ப்ளியில் பழுதில்லை. கடையில் கேட்கும்போது "டூ ஆம்ப்ஸ் ஃபியூஸ்" என்று மட்டும் கேட்காமல் "ஸ்லோ புளோ" என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

சரியான அளவு எது? பின்பலகையில் ஹோல்டருக்குப் பக்கத்தில் அச்சிட்டிருப்பதுதான். அழிந்துபோயிருந்தால் கணக்குப் போடலாம். 100 வாட் ஆம்ப்ளி முழு சத்தத்தில் சுமார் 200 வாட் இழுக்கும். 200-ஐ 230-ஆல் வகுத்தால் 0.87 ஆம்பியர். தொடக்க இழுப்பையும் தாங்க 1.6 அல்லது 2 ஆம்பியர் ஸ்லோ புளோ போதும். இதே ஆம்ப்ளியில் 5 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால், முன்னால் யாரோ வேலை பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ உறவினர் கொண்டுவந்த ஆம்ப்ளி என்றால் முதலில் வோல்டேஜ் சுவிட்சைப் பாருங்கள். அமெரிக்காவில் 120 வோல்ட், ஜப்பானில் 100 வோல்ட். சுவிட்ச் அங்கேயே நிற்க, நம் 230 வோல்ட்டில் செருகினால் ஃபியூஸ் போகாமல் என்ன செய்யும்? 230-க்கு மாற்றியபின் ஃபியூஸ் அளவையும் ஏறக்குறையப் பாதியாக்க வேண்டும். 120 வோல்ட்டுக்கு 4 ஆம்பியர் இருந்தால் நமக்கு 2 ஆம்பியர்.

எப்போது போனது?

மெக்கானிக் கையில் மீட்டரை எடுப்பதற்கு முன்பு வாயால் வேலை செய்ய வேண்டும். கேள்வி கேட்கும் முறை இப்படி:

"அண்ணா, ஆம்ப்ளியில ஃபியூஸ் நிக்கவே மாட்டேங்குது."

"சுவிட்ச் போட்டதுமே போகுதா, ஓடும்போது போகுதா தம்பி?"

"ஓடும்போதுதான். பாட்டுல பேஸ் ஏறும்போது டப்புனு போயிடுது."

"பாக்ஸ் எத்தனை மாட்டியிருந்தே?"

"ரெண்டுதான். பின்னாடி இருக்கவங்களுக்குக் கேக்கலைன்னாங்க, இன்னும் ரெண்டு சேத்தோம்."

பெட்டியைத் திறக்காமலே பாதி விடை கிடைத்துவிட்டது. 8 ஓம் பாக்ஸ் நான்கை இணையாக மாட்டினால் 2 ஓம் ஆகிவிடும். 4 ஓம்வரை மட்டுமே தாங்கும் ஆம்ப்ளிக்கு அது இரு மடங்கு சுமை. இந்தப் பையனுக்கு வேண்டியது இன்னொரு பவர் ஆம்ப்ளி, ஃபியூஸ் அல்ல.

நேரத்தை வைத்துச் சந்தேகிக்க வேண்டியவை:

சுவிட்ச் போட்டதும், ஒவ்வொரு முறையும்: மெயின் ஒயர், சுவிட்ச், டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ் ரெக்டிஃபையர், அவுட்புட் டிரான்சிஸ்டர் ஆகியவற்றில் ஒன்று ஷார்ட்.

சுவிட்ச் போட்டதும், சில முறை மட்டும்: ஃபியூஸ் வகை தவறு, அல்லது தொடக்க இழுப்பைக் கட்டுப்படுத்தும் ரிலேயோ தெர்மிஸ்டரோ பழுது.

சில நிமிடம் கழித்து, சத்தம் குறைவாக இருந்தும்: பயாஸ் (சத்தமில்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டரில் ஓடும் சிறு மின்சாரம்) ஏறி டிரான்சிஸ்டர் சூடாவது, கெப்பாசிட்டர் கசிவது, டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுக்குள் ஷார்ட்.

சத்தம் ஏறும்போது மட்டும்: ஸ்பீக்கர் சுமை, ஸ்பீக்கர் ஒயர், வாய்ஸ் காயில்.

ஒரு குறிப்பிட்ட ஊரில் அல்லது ஜெனரேட்டரில் மட்டும்: வோல்டேஜ்.

வண்டியில் ஏற்றி இறக்கிய பிறகு: தளர்ந்த ஸ்குரூ, உரசும் ஒயர், விட்டுப்போன சால்டர். சித்தேரி மலைப்பாதையில் போய்வந்த பெட்டியைத் திறந்தால் முதலில் டிரான்ஸ்ஃபார்மர் போல்ட்டுகளைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

பெட்டிக்கு வெளியே

எல்லா ஸ்பீக்கர் ஒயர்களையும் கழற்றிவிட்டு, அதே அளவு புது ஃபியூஸ் போட்டு, வால்யூமைக் குறைத்து சுவிட்ச் போடுங்கள். (கண்ணாடி கருத்திருந்தால் இதைச் செய்யாமல் நேராகக் கீழே வரும் சீரிஸ் லேம்ப் பகுதிக்குப் போங்கள். வால்வு ஆம்ப்ளியிலும் இதைச் செய்யக்கூடாது. அது ஸ்பீக்கர் சுமை இல்லாமல் ஓடக்கூடாது.) ஃபியூஸ் நின்றால் பழுது பெரும்பாலும் வெளியில் இருக்கிறது.

ஒவ்வொரு ஸ்பீக்கரையும் ஒயரோடு சேர்த்து ஓம் மீட்டரில் அளந்து பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் சுமார் 6 ஓம் காட்டும். 4 ஓம் ஸ்பீக்கர் 3 ஓம் சொச்சம் காட்டும். 1 ஓமுக்குக் கீழே காட்டினால் ஒயரையும் ஸ்பீக்கரையும் தனித்தனியாக அளந்து ஷார்ட் எங்கே என்று பிரித்துக்கொள்ளுங்கள். அளக்கும்போது ஒயரை வளைத்து, பிளக்கை ஆட்டிப் பாருங்கள். 6.35 மில்லிமீட்டர் கிட்டார் பிளக்கையே ஸ்பீக்கருக்கும் பயன்படுத்தும் ஆம்ப்ளிகளில், ஆன் செய்த நிலையில் பிளக்கைச் செருகினாலோ இழுத்தாலோ ஒரு கணம் ஷார்ட் ஆகும். கிட்டாருக்கான ஷீல்டு ஒயரை ஸ்பீக்கருக்குப் போடுவதும் தவறு. அதன் நடுக்கம்பி மெல்லியது. சூடாகி உருகி ஷார்ட் ஆகும். சில ஆம்ப்ளிகள் அந்த ஒயரால் காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில் ஊசலாடத் தொடங்கி, சத்தமில்லாமலே சூடாகும்.

கிராமங்களில் கீபோர்டையும் ஆர்மோனிய மைக்கையும் மைக்செட் ஆம்ப்ளியிலேயே போடுவது வழக்கம். அதன் பின்னால் 4 ஓம், 8 ஓம் முனைகளோடு 100 வோல்ட் லைன் முனையும் இருக்கும். அந்த லைன் முனை, லைன் டிரான்ஸ்ஃபார்மர் மாட்டிய குழாய் ஸ்பீக்கருக்கு உரியது. 250 வாட் ஆம்ப்ளியின் 100 வோல்ட் முனை 40 ஓமுக்குக் குறையாத சுமையை எதிர்பார்க்கிறது. சாதாரண 8 ஓம் பாக்ஸை அதில் மாட்டினால் ஐந்து மடங்கு சுமை. அவசரத்தில் ஒயர் மாறிவிடுவதால் ஃபியூஸ் போவது இங்கே அதிகம். முனைகளுக்கு நிறப் பெயின்ட் பூசிவைத்தால் இருட்டிலும் தப்பாது.

பேட்டரியில் ஓடும் வசதி உள்ள ஆம்ப்ளியில் பிளஸ் மைனஸ் மாற்றி மாட்டியிருந்தால் டிசி ஃபியூஸ் போகும். உள்ளே பாதுகாப்புக்கென்று இருக்கும் டயோடு ஷார்ட் ஆகியே ஃபியூஸைப் போக்கும். அது ஷார்ட்டாகவே நின்றுவிட்டால், பேட்டரியைச் சரியாக மாட்டிய பிறகும் ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கும். அந்த ஒரு டயோடை மாற்றினால் போதும்.

வோல்டேஜும் வெளியே பார்க்க வேண்டியதுதான். நமக்கு வர வேண்டியது 230 வோல்ட். ஆறு விழுக்காடு ஏற இறங்கலாம், அதாவது 216 முதல் 244 வரை. பந்தலுக்கு மூன்று ஃபேஸ் எடுத்திருக்கும்போது நியூட்ரல் கம்பி கழன்றால், சுமை குறைவாக உள்ள ஃபேஸில் வோல்டேஜ் 300-ஐயும் தாண்டும். சீரியல் விளக்குகளில் ஒரு பக்கம் மங்கி, மறு பக்கம் பளீரென்று எரிந்தால் அதுதான் அறிகுறி. உடனே ஆம்ப்ளியின் பிளக்கைப் பிடுங்குங்கள். வோல்டேஜைச் சீராக வைக்கும் ஏவிஆர் கெட்ட ஜெனரேட்டரும் இதே வேலையைச் செய்யும். மேடையில் ஆம்ப்ளியைச் செருகுவதற்கு முன்பு பிளக்கில் மீட்டர் வைத்துப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. 250-க்கு மேல் காட்டினால் செருக வேண்டாம்.

சீரிஸ் லேம்ப்

உள்ளே இறங்குவதற்கு முன் இதைச் செய்துகொள்ளுங்கள். ஒரு பலகையில் பல்பு ஹோல்டர் ஒன்று, மூன்று பின் சாக்கெட் ஒன்று. ஃபேஸ் கம்பி ஹோல்டர் வழியாகச் சாக்கெட்டுக்குப் போக வேண்டும். நியூட்ரலும் எர்த்தும் நேராகப் போக வேண்டும். ஹோல்டரில் இழை உள்ள குண்டு பல்பு. எல்இடி பல்பு இதற்கு உதவாது. கடையில் தேடியாவது குண்டு பல்பு வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

இது வேலை செய்யும் விதம்: ஆம்ப்ளிக்குள் முழு ஷார்ட்டே இருந்தாலும், 100 வாட் பல்பு வழியாக 0.43 ஆம்பியருக்கு மேல் போகாது. ஃபியூஸ் போகாது, புது டிரான்சிஸ்டர் கருகாது. இழை குளிர்ந்திருக்கும்போது அதன் தடை மிகக் குறைவு, சூடாகும்போது பத்து மடங்குக்கு மேல் ஏறும். ஆகவே நல்ல ஆம்ப்ளிக்குத் தேவையான சிறிய மின்சாரத்தைத் தடுக்காது. கெட்ட ஆம்ப்ளியின் வெறியை மட்டும் தடுக்கும். 50 வாட்வரையுள்ள ஆம்ப்ளிக்கு 60 வாட் பல்பு, 200 வாட்வரை 100 வாட் பல்பு, அதற்கு மேல் இரண்டு 100 வாட் பல்புகளை இணையாக.

ஸ்பீக்கர் மாட்டாமல் ஆம்ப்ளியைச் சாக்கெட்டில் செருகி சுவிட்ச் போட்டுப் பல்பைப் பாருங்கள்.

பளிச்சென்று எரிந்து ஓரிரு நொடியில் மங்கினால், கெப்பாசிட்டர்கள் சார்ஜ் ஏறி நின்றுவிட்டன. ஆம்ப்ளி இந்தக் கணத்தில் சரியாக இருக்கிறது.

முழு வெளிச்சத்தில் நின்றால் ஷார்ட்.

முதலில் மங்கி, பிறகு மெல்ல மெல்ல வெளிச்சம் ஏறினால் பயாஸ் அல்லது கசியும் கெப்பாசிட்டர்.

விட்டு விட்டு மின்னினால், டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதில் எஸ்எம்பிஎஸ் உள்ள ஆம்ப்ளி கிளம்ப முயன்று தோற்கிறது. பல்பு வோல்டேஜைக் குறைப்பதாலேயே சில நல்ல எஸ்எம்பிஎஸ்களும் இப்படி மின்னும். அதை மட்டும் வைத்துப் பழுது என்று முடிவு செய்யாதீர்கள்.

பெட்டிக்குள்: மூன்று வெட்டு

ஷார்ட் எங்கே என்று தேடி பாகம் பாகமாக அளப்பது வீண் வேலை. மின்சாரம் வரும் பாதையை மூன்றாக வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டரை இறக்கிவிட்டுத்தான் கைவைக்க வேண்டும்.

முதல் வெட்டு: டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி ஒயர்கள் அனைத்தையும் கழற்றி, எந்த ஒயர் எங்கே இருந்தது என்று மொபைலில் படம் எடுத்து, முனைகளுக்கு டேப் சுற்றுங்கள். சீரிஸ் லேம்பில் போடுங்கள். பல்பு எரியவே கூடாது; மிக லேசாகச் சிவந்தால் பரவாயில்லை. நன்றாக எரிந்தால் பழுது டிரான்ஸ்ஃபார்மரிலோ அதற்கு முன்னாலோ. மெயின் ஒயர் உள்ளே நுழையும் இடத்தில் ரப்பர் கிழிந்து பெட்டியில் உரசுகிறதா, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே இருக்கும் சிறிய கெப்பாசிட்டர் வெடித்திருக்கிறதா, ஃபியூஸுக்கு அடுத்து மெயின் குறுக்கே இருக்கும் நீல வட்டில், அதாவது வேரிஸ்டர், கருகியிருக்கிறதா என்று பாருங்கள். வோல்டேஜ் எகிறும்போது வேரிஸ்டர் தன்னையே ஷார்ட் ஆக்கிக்கொண்டு ஃபியூஸைப் போக்கும். ஜெனரேட்டரில் ஓடிய மறுநாள் வரும் ஆம்ப்ளிகளில் இதை முதலில் பார்க்க வேண்டும். இவை எல்லாம் சரியென்றால் டிரான்ஸ்ஃபார்மர்தான். ஒரே ஒரு சுற்று ஷார்ட் ஆனதை ஓம் மீட்டர் காட்டாது; பல்பு காட்டும். போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகளில் சிலர் சட்டக வகை டிரான்ஸ்ஃபார்மரையும் கட்டித் தருவார்கள். டொராய்டு என்றால் புதிதாக வாங்குவதே நல்லது.

இரண்டாவது வெட்டு: செகண்டரியை பிரிட்ஜில் மீண்டும் மாட்டுங்கள். பிரிட்ஜிலிருந்தும் பெரிய கெப்பாசிட்டர்களிலிருந்தும் ஆம்ப்ளி போர்டுக்குப் போகும் ஒயர்களை மட்டும் கழற்றுங்கள். இப்போது பல்பு எரிந்தால் பிரிட்ஜ் அல்லது கெப்பாசிட்டர். மீட்டரை டயோடு நிலையில் வைத்து பிரிட்ஜின் ஒவ்வொரு டயோடையும் அளங்கள். ஒரு திசையில் 0.5 முதல் 0.6 வரை, மறு திசையில் ஒன்றும் காட்டக்கூடாது. இரு திசையிலும் பூஜ்யம் என்றால் ஷார்ட். கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தால், மீட்டர் என்ன சொன்னாலும் மாற்றிவிடுங்கள். வெயில் காலத்தில் தகரக் கொட்டகைக்குள் வைத்து ஓட்டும் ஆம்ப்ளிகளில் இவை சீக்கிரம் வற்றும்.

மூன்றாவது வெட்டு: போர்டுகளை ஒவ்வொரு சேனலாக மாட்டுங்கள். எந்தச் சேனல் மாட்டியதும் பல்பு பளிச்சென்று நிற்கிறதோ, பழுது அங்கே. ஃபியூஸ் ஒவ்வொரு முறையும் உடனே போகும் ஆம்ப்ளிகளில் பெரும்பாலும் பயணம் இங்கேதான் முடியும். அவுட்புட் டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே இரு திசையிலும் அளங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் ஷார்ட். நான்கு டிரான்சிஸ்டர்கள் இணையாக இருந்தால் ஒன்று ஷார்ட் ஆனாலும் நான்கும் ஷார்ட்டாகவே காட்டும். அவற்றின் எமிட்டரில் இருக்கும் 0.22 அல்லது 0.33 ஓம் வெள்ளை ரெசிஸ்டர்களின் ஒரு காலை ஒவ்வொன்றாகத் தூக்கினால் குற்றவாளி பிரிந்துவிடும்.

டிரான்சிஸ்டர் நன்றாக இருந்தும் ஷார்ட் காட்டினால் மைக்காவைப் பாருங்கள். டிரான்சிஸ்டரின் உலோக முதுகுதான் பெரும்பாலும் கலெக்டர். அதற்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே இருக்கும் மைக்காத் தகட்டில் ஒரு தூசியோ, சால்டர் துணுக்கோ குத்தினால் முழு வோல்டேஜும் பெட்டிக்கு இறங்கும். ஹீட் சிங்கை எர்த்தோடு மாட்டியிருக்கும் ஆம்ப்ளியில், கலெக்டருக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே மீட்டர் எதுவும் காட்டக்கூடாது.

பாகம் மாற்றும்போது

செத்த டிரான்சிஸ்டரை மட்டும் மாற்றிவிட்டு ஆன் செய்பவர்கள் அடுத்த நிமிடமே இன்னொன்றையும் இழக்கிறார்கள். ஷார்ட் ஆன டிரான்சிஸ்டர் தன்னோடு டிரைவர் டிரான்சிஸ்டரையும், பேஸ் ரெசிஸ்டரையும், எமிட்டர் ரெசிஸ்டரையும் இழுத்துக்கொண்டு போயிருக்கும். எல்லாவற்றையும் அளந்து பாருங்கள். பிளஸ் பக்கமும் மைனஸ் பக்கமும் சேர்த்து ஜோடியாக மாற்றுங்கள். ஹீட் சிங்கில் ஒட்டியிருக்கும் பயாஸ் டிரான்சிஸ்டரோ டயோடோ கழன்று தொங்கினால், வெப்பம் ஏறியதை அது உணராது. பயாஸ் ஏறிக்கொண்டே போகும். ஸ்பீக்கர் முனைக்கு அருகே இருக்கும் 10 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரும் ஆம்ப்ளி ஊசலாடாமல் பிடித்துவைக்கும் ஜோடி. அந்த ரெசிஸ்டர் கருகியிருந்தால், ஆம்ப்ளி ஊசலாடியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

சி5200, ஏ1943 போன்ற புகழ்பெற்ற டிரான்சிஸ்டர்களுக்குச் சந்தையில் போலிகள் ஏராளம். தர்மபுரியிலோ சேலத்திலோ வாங்குங்கள், சென்னை ரிச்சி தெருவுக்கே போங்கள். விலை வழக்கத்தைவிட மிகக் குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். போலி, பல்பில் நன்றாக ஓடும். முழு சத்தத்தில்தான் சாகும். பொருளுக்குப் பொறுப்பு ஏற்கும் கடையில் வாங்குவதே இதற்கு வழி.

எதனால் செத்தது என்று தெரிந்துகொள்ளாமல் பெட்டியை மூடக்கூடாது. ஃபேன் சுற்றுகிறதா, ஹீட் சிங்கின் இடுக்கில் தூசி அடைத்திருக்கிறதா, மைக்காவில் பேஸ்ட் உலர்ந்துவிட்டதா, வாடிக்கையாளர் எத்தனை பாக்ஸ் மாட்டுகிறார்? விடை இல்லாவிட்டால் புது டிரான்சிஸ்டரும் அதே பாதையில்தான் போகும்.

மீண்டும் ஓடவைப்பது

ஸ்பீக்கர் இல்லாமல் சீரிஸ் லேம்பில் போடுங்கள். பல்பு மங்கியதும் இரண்டு வோல்டேஜ்களை அளங்கள். பிளஸ் ரெயிலும் மைனஸ் ரெயிலும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஸ்பீக்கர் முனையில் டிசி வோல்டேஜ் 50 மில்லி வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, 100-வரை பொறுக்கலாம். அங்கே ஒரு வோல்ட் இரண்டு வோல்ட் என்று காட்டினால் ஸ்பீக்கர் மாட்டாதீர்கள், காயில் கருகும்.

அடுத்து பயாஸ். பிரிசெட்டைக் குறைந்த பயாஸ் பக்கம் திருப்பிவைத்துத் தொடங்குங்கள். பல்பு மங்கியே இருந்தால் அதை எடுத்துவிட்டு, சரியான ஃபியூஸோடு நேரடி மின்சாரத்தில் போட்டு, எமிட்டர் ரெசிஸ்டரின் குறுக்கே மில்லி வோல்ட் அளங்கள். 0.22 ஓமில் 10 மில்லி வோல்ட் என்றால் 45 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. கம்பெனி தந்த அளவு கிடைத்தால் அதையே வையுங்கள். இருபது நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். ஹீட் சிங்க் சூடாகச் சூடாக அளவு நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் வேலை இன்னும் முடியவில்லை. நின்றுவிட்டால் ஸ்பீக்கர் மாட்டி, மெல்ல சத்தம் ஏற்றி, ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். விடியவிடிய ஓட வேண்டிய பெட்டியைப் பத்து நிமிடத்தில் தேர்ச்சி கொடுத்து அனுப்ப முடியாது.

வால்வு ஆம்ப்ளி இங்கே அபூர்வம். வந்தால், உள்ளே 400, 500 வோல்ட் இருக்கும் என்பதால் பழகாதவர்கள் திறக்க வேண்டாம். பழகியவர்களுக்கு ஒரே குறிப்பு: அவுட்புட் வால்வுகளைக் கழற்றியபின் ஃபியூஸ் நின்றால், பழுது வால்விலோ அதன் மைனஸ் பயாஸ் வோல்டேஜிலோ. நிற்காவிட்டால் ரெக்டிஃபையர், கெப்பாசிட்டர், டிரான்ஸ்ஃபார்மர் என்று பின்னோக்கிப் போக வேண்டும். எஸ்எம்பிஎஸ் ஆம்ப்ளியில் முதல் கெப்பாசிட்டரிலேயே 325 வோல்ட் டிசி நிற்கும். அங்கே வேரிஸ்டர், பிரிட்ஜ், ஸ்விட்சிங் டிரான்சிஸ்டர் மூன்றும் சரியாக இருந்தும் ஃபியூஸ் போனால், போர்டை மொத்தமாக மாற்றுவது நேரத்துக்கும் காசுக்கும் லாபம்.

வண்டியில் ஏறும் பை

பழுது பார்த்து முடித்ததும் மூடியின் உட்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள்: தேதி, போட்ட ஃபியூஸின் அளவும் வகையும், மாற்றிய பாகங்கள், பயாஸ் அளவு, மாட்டக்கூடிய குறைந்தபட்ச ஓம். வெளிப்பக்கத்தில் ஃபியூஸ் அளவையும் ஓமையும் மட்டும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். அடுத்து கைவைப்பவர் நீங்களாக இல்லாமல் போகலாம்.

குழுவினர் கையில் ஒரு சிறு பை கொடுத்தனுப்புங்கள். அதில் சரியான அளவு ஸ்லோ புளோ ஃபியூஸ் ஐந்து, ஒரு மலிவு மல்டிமீட்டர், நல்ல ஸ்பீக்கர் ஒயர் ஒன்று, டார்ச். கூடவே ஐந்து வரி சொல்லி அனுப்புங்கள்: செருகும் முன் வோல்டேஜ் பார், பாக்ஸைக் கூட்டாதே, கருத்த ஃபியூஸ் வந்தால் மாற்றாமல் அடுத்த ஆம்ப்ளிக்குப் போ, தெளிவாகப் போன ஃபியூஸை ஒருமுறை மட்டும் மாற்று, மறுபடி போனால் நிறுத்து. போன ஃபியூஸ் இரண்டையும் சட்டைப்பையில் போட்டு, எந்தப் பாட்டில், எந்த நேரத்தில் போனதென்று எழுதிக்கொண்டுவரச் சொல்லுங்கள். காலையில் அந்த இரண்டு கண்ணாடிக் குழாய்களும் அந்தக் குறிப்பும் உங்கள் மேசைக்கு வந்தால், ஸ்குரூ டிரைவரை எடுப்பதற்கு முன்பே எந்த வெட்டிலிருந்து தொடங்குவது என்று தெரிந்துவிடும்.